கடல் தெரிஞ்சா பத்து ரூபா

ஈசிஆர்னு சொன்னா நம்மாளுங்களுக்கு திருவான்மியூர்ல ஆரம்பிச்சு பாண்டிச்சேரில முடியிற ரோடுதான். ஆனா அதே ரோடு அதுக்கப்புறமும் கடலூர், சிதம்பரம், நாகப்பட்டினம்னு எறங்கி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மீமிசல், தொண்டி வழியா ராமநாதபுரம் போயி தூத்துக்குடி வரைக்கும் ஓடுது, அந்த கீழ்ப் பாதில லாரியும் மீன் வண்டியும் ராமேஸ்வரம் போற பஸ்ஸும் தவிர பெருசா யாரும் போறதில்ல. எங்க அப்பாவுக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை, கோடியக்கரைல ஆரம்பிச்சு தேவிபட்டினம் வரைக்கும் கரையோரமாவே போகணும்னு. சுத்தி சுத்தி போனாலும் மொத்தம் ஒரு இருநூறு கிலோமீட்டர் சொச்சம்தான் வரும், நேரா மிதிச்சா அஞ்சு மணி நேரத்துல முடிஞ்சிரும், நாங்க மூணு நாள் எடுத்துக்கிட்டோம். மாசி மாசம், வெயிலு இன்னும் ஏறல, எங்க பழைய வண்டி, நான், வீட்டுக்காரம்மா, அப்பா, பின்சீட்டுல எங்க பாப்பா, நாலாவது படிக்கிறா.

கெளம்புறப்பவே ஒரு தப்பு பண்ணிட்டேன். கடற்கரை ரோடுன்னு சொல்லி கூட்டிட்டு போறோமே, பாப்பா போரடிக்குதுன்னு நச்சரிக்கக் கூடாதேன்னு ஒரு பந்தயம் வச்சேன்: வண்டி ஓடிக்கிட்டிருக்கறப்ப ஜன்னல் வழியா கடல் தெரிஞ்சா, தெரியிற ஒவ்வொரு தடவைக்கும் பத்து ரூபா. வீட்டுக்காரம்மா "ஏங்க, கடற்கரை ரோட்டுல போய் இப்படி ஒரு பந்தயமா, பர்ஸ் காலியாயிரும் பாத்துக்கங்க"ன்னாங்க. அப்பா மட்டும் ஒண்ணும் சொல்லாம சிரிச்சாரு. அவருக்கு தெரியும் போல, அந்த ரோட்டுல கடலே தெரியாதுன்னு.

நெஜமாதான் சொல்றேன். பேருதான் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஒரு பக்கம் தென்னந்தோப்பு, இன்னொரு பக்கம் சீமைக்கருவேலம், நடுநடுவுல உப்பளம், எறால் பண்ணை, காஞ்ச வயலு. கடல் ஒரு கிலோமீட்டர் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு, உப்புக் காத்து மூஞ்சில அடிக்குது, கருவாட்டு வாசனை வருது, ஆனா கடல் மட்டும் கண்ணுக்கு வர்றதில்ல. பாக்கணும்னா ஒவ்வொரு ஊர்லயும் ரோட்டை விட்டு எறங்கி உள்ள போகணும்.

முதல்ல கோடியக்கரை. கோடின்னா முனை, கடைசி. மேப்பை எடுத்து பாத்தீங்கன்னா சென்னைலேர்ந்து நேரா தெற்க எறங்குற கரை அங்க வந்து சட்டுன்னு மேற்க திரும்பும், முழங்கைய மடக்குன மாதிரி. இந்த முழங்கைக்கு கிழக்குப் பக்கம் வங்காள விரிகுடா, தெற்குப் பக்கம் பாக் நீரிணை. வேளாங்கண்ணில பாத்த அலை வேற, இங்க தெற்குப் பக்கம் பாக்குற தண்ணி வேற. பாப்பா எறங்கி பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "தாத்தா, இது கடலா ஏரியா?" கேக்கத்தான் செய்வா. அலையே இல்ல. ஓரத்துல லேசா நாக்கு நீட்டி நக்குற மாதிரி ஒரு அசைவு, அவ்வளவுதான். எதுத்தாப்புல இலங்கை மறிச்சுக்கிட்டு நிக்குது, தெற்க ராமேஸ்வரம் தீவும் மணல் திட்டுங்களும் அடைச்சுக்குது, ஆழமும் ரொம்ப கெடையாது, பெரும்பாலான எடத்துல 10, 12 மீட்டர் இருந்தா ஜாஸ்தி. பெரிய அலை உள்ள வர்றதுக்கு வழியே இல்ல. ராமேஸ்வரத்துல இந்தப் பக்கத்து கடலை பெண் கடல்னும் தனுஷ்கோடி தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண் கடல்னும் சொல்லுவாங்க.

கோடியக்கரை காட்டுக்குள்ள வெளிமான் கூட்டம் கூட்டமா நிக்குது, ஆண் மானுக்கு திருகுன கொம்பு, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. யாரும் வளக்காத குதிரைங்களும் காட்டுக்குள்ள சுத்துது. பூநாரை பாக்கணும்னா ஐப்பசி கார்த்திகைலேர்ந்து தை வரைக்கும் போகணும், நாங்க போனப்ப தூரத்துல ரோஸ் கலர்ல ஒரு கோடு மாதிரி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. சோழர் காலத்து கலங்கரை விளக்கம்னு சொல்லுற பழைய கட்டடம் ஒண்ணு கரைல இருந்துச்சாம், 2004 சுனாமில போயிருச்சு. அப்பா சின்ன வயசுல பாத்திருக்காரு. ஆடி அமாவாசைக்கு மாட்டு வண்டி கட்டிக்கிட்டு ஆதிசேதுன்னு சொல்லுற இந்தக் கடல்ல குளிக்க வருவாங்களாம், ஒரு ராத்திரி முழுக்க வண்டிலயே தூக்கம். "இப்ப ஒன்ற மணி நேரத்துல வந்துட்டோம், குளிக்கத்தான் தோணல"ன்னாரு.

திரும்பி வேதாரண்யம் வர்ற வழில அகஸ்தியம்பள்ளி. 1930 ஏப்ரல்ல ராஜாஜி திருச்சிலேர்ந்து நூறு பேரோட நடந்தே வந்து உப்பு அள்ளுன எடம், அங்க ஸ்தூபி ஒண்ணு நிக்குது. அந்த நடைப்பயணத்துல எனக்கு ரொம்ப புடிச்சது ஒண்ணு இருக்கு, தொண்டர்களுக்கு சோறு தண்ணி குடுத்தா ஜெயில்னு கலெக்டர் உத்தரவு போட்டதும் ஊர் ஜனங்க சோத்துப் பொட்டலத்தை ரோட்டோர மரத்துல கட்டித் தொங்க விட்டுட்டு போயிட்டாங்களாம், மரத்தை யாரு கைது பண்றது! ஸ்தூபிய சுத்தி இன்னைக்கும் உப்பளம்தான். பாத்தி பாத்தியா தண்ணி, ஓரத்துல வெள்ளையா குமிச்சு வச்சு கீத்து போட்டு மூடிருக்காங்க. அங்கதான் முதல் தகராறு. பாப்பா கத்துறா, "அப்பா, கடல் தண்ணி! பத்து ரூபா!" நான் அது உப்பளம்டின்னேன். "உப்பளத்துல இருக்குறது கடல் தண்ணிதானே, நீதானே சொன்ன?" பதில் சொல்ல முடியல. வழக்கு தாத்தாகிட்ட போச்சு. தீர்ப்பு: கடல் தண்ணி, ஆனா கடல் இல்ல, அதனால அஞ்சு ரூபா. முதல் நாள் முழுக்க அவ சம்பாதிச்சதே அந்த அஞ்சு ரூபாதான்.

ரெண்டாம் நாள் வேதாரண்யத்துலேர்ந்து முத்துப்பேட்டை போற ரோடு. இந்தப் பக்கம் தென்னையப் பாத்தீங்கன்னா ஒரு விஷயம் கண்ல படும், எல்லாம் ஒரே ஒசரம். நடுவுல எங்கயாவது ஒண்ணு ரெண்டு பெரிய மரம் தலை சாஞ்சு நிக்கும். 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் கரையேறுனது இங்கதான். வேதாரண்யத்துலேர்ந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் முப்பது நாப்பது வருஷத்து தென்னையெல்லாம் ஒரே ராத்திரில படுத்துருச்சு. இப்ப நிக்கிறது அதுக்கப்புறம் வச்ச கன்னுங்க, இப்பத்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு. எங்க சொந்தக்காரர் ஒருத்தருக்கு ரெண்டு ஏக்கர் போச்சு, அவரு அதப்பத்தி பேசவே மாட்டாரு, தேங்கா வெலை மட்டும் பேசுவாரு.

முத்துப்பேட்டைல அலையாத்திக் காட்டுக்குள்ள போட்ல போனோம். அதுக்கு தனியா ஒரு பதிவு போடணும், இங்க சொன்னா முடியாது. அலையை ஆத்துற காடு, அதனால அலையாத்தி. பேரு வச்சவன் கையக் குடுங்கன்னு கேக்கத் தோணும். (போட்லேர்ந்து கடல் தெரிஞ்சா காசு உண்டான்னு கேட்டா. கெடையாது, வண்டிலேர்ந்து பாத்தாத்தான்.)

அதிராம்பட்டினத்துல சாயங்காலம் அஞ்சு மணி. டீக்கு நிறுத்துனா கடை வாசல்ல பெரிய இருப்புச் சட்டில வாடா போட்டுக்கிட்டிருந்தாங்க. வடை இல்ல, வாடா. அரிசி மாவுல வெங்காயம் தேங்கா எல்லாம் போட்டு தட்டி, மேல ஒரு முழு எறாலை ஓட்டோட பதிச்சு எண்ணெய்ல விடுறாங்க. எறால் செவந்து வால் மேல தூக்கிக்கிட்டு வரும். வெளில மொறுமொறு, உள்ள மெத்து, கடிக்கிறப்ப எறால் ஓடு நறுக்குன்னு ஒடையும், அதையும் சேத்து மென்னு முழுங்கிர வேண்டியதுதான். அப்பா ரெண்டு சாப்புட்டாரு, அவருக்கு கொலஸ்ட்ரால் இருக்குன்னு ஞாபகப்படுத்துனதுக்கு மூணாவது எடுத்துக்கிட்டாரு. கடைல ஒரு பையன் மொதலாளியை "காக்கா, காக்கா"ன்னு கூப்புட்டுக்கிட்டே இருந்தான், பாப்பாவுக்கு சிரிப்பு தாங்கல, மேல பாக்குறா எந்தக் காக்கான்னு. இங்க முஸ்லிம் வீடுகள்ல அண்ணனைத்தான் காக்கான்னு கூப்புடுவாங்கன்னு சொன்னேன். கெளம்புறப்ப அவளும் தைரியமா "வர்றேன் காக்கா"ன்னா. அவரு ஒரு வாடாவை பேப்பர்ல சுத்தி கைல குடுத்து காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.

இருட்டுறதுக்குள்ள மனோரா பாத்துரணும்னு வேகமா போனோம், மூணு நாள்லயே வேகமா போனது அந்த ஒரு தடவைதான். மனோரா அறுகோணத்துல எட்டு அடுக்கு, கடல் ஓரமா நிக்கிற கோபுரம், சுத்தி அகழியும் மதிலும். தஞ்சாவூர் ராஜா ரெண்டாம் சரபோஜி கட்டுனது. எதுக்குன்னா, நெப்போலியனை இங்கிலீஷ்காரன் தோக்கடிச்சதுக்கு. பட்டுக்கோட்டை பக்கத்துல ஒரு மீனவ கிராமத்துல நெப்போலியன் தோத்ததுக்கு நினைவுச் சின்னம்! அதுவும் யாரு, 1799லயே நாட்டு நிர்வாகத்தை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டு கோட்டையை மட்டும் வச்சிக்கிட்டிருந்த ராஜா. சரஸ்வதி மஹால் லைப்ரரிக்காக சரபோஜிமேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, ஆனா இந்தக் கோபுரத்தை பாக்குறப்பல்லாம் ஹவுஸ் ஓனர் வீட்டு கல்யாணத்துக்கு வாடகைக்காரன் வாசல்ல வாழை மரம் கட்டுன ஞாபகம்தான் வருது. கட்டடம் அழகு, அதுல சந்தேகமே இல்ல. மினார்ங்கிற வார்த்தைதான் மனோரா ஆயிருச்சும்பாங்க.

மனோரா பக்கத்துல கடலை பாருங்க, அது இன்னும் அமைதி. சாயங்கால வெளிச்சத்துல தண்ணியும் வானமும் ஒரே கலரு, நடுவுல கோடு இல்ல, படகு வானத்துல நிக்கிற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி பேராவூரணில தங்குனோம்.

மூணாம் நாள் காலைல என் புத்திசாலித்தனத்தை காட்டுனேன். கட்டுமாவடிக்கு முன்னாடி ஒரு சின்ன ரோடு கெழக்க போச்சு, போன் மேப்புல கரை வரைக்கும் கோடு தெரிஞ்சுது, விட்டேன் வண்டிய. தார் ரோடு மண் ரோடாச்சு, மண் ரோடு தடமாச்சு, தடமும் காணாமப் போயி மேல காஞ்ச மாதிரி இருந்த ஒரு வெளில எறங்கிட்டேன். மேல பப்படம் மாதிரி ஒரு உப்புத் தட்டு, அது ஒடஞ்சா உள்ள கருஞ்சேறு. முன் சக்கரம் ரெண்டும் பாதிக்கு மேல போச்சு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் எறங்குது, சேறு தெறிச்சு கண்ணாடி பூரா கறுப்பு, பின்னாடிலேர்ந்து அப்பா நிதானமா "மிதி, இன்னும் கொஞ்சம் மிதிச்சா இலங்கை வந்துரும்"ங்கிறாரு.

கரைல வலை காயப் போட்டுக்கிட்டிருந்த நாலு பேரு வந்தாங்க. ஒருத்தரும் ஏன் இங்க வந்தீங்கன்னு கேக்கல, அடிக்கடி நடக்குறது போல. பெரியவரு ஒருத்தரு, அறுபது வயசு இருக்கும், என்னை எறங்கச் சொன்னாரு. "தம்பி, நீங்க மிதிக்காதீங்க. மிதிச்சா அது திங்கும்." தென்னமட்டை நாலு கொண்டாந்து, சக்கரத்துக்கு பின்னாடி சேத்தை கையால வாரி எடுத்துட்டு, மட்டையோட அடிப்பக்கம் சக்கரத்துப் பக்கம் இருக்குற மாதிரி சொருகுனாரு. காத்தை கொஞ்சம் எறக்குனாரு. அப்புறம் ரிவர்ஸ்ல போட்டு கிளட்ச்சை மட்டும் மெல்ல விடச் சொல்லி, அவங்க நாலு பேரும் முன்னாடி குனிஞ்சு தோள் குடுத்தாங்க. "ஏலேலோ"ல்லாம் இல்ல, வெறும் "ம்... ம்... இப்ப"தான். மூணாவது "இப்ப"ல வண்டி பின்னாடி நழுவி கெட்டித் தரைக்கு வந்துருச்சு. மொத்தமே பதினஞ்சு நிமிஷம். காசு குடுத்தா வாங்கல, டீ வாங்கிக் குடுங்கன்னாங்க, டீக்கடையும் ரெண்டு கிலோமீட்டர், அதனால அவங்க பிளாஸ்க்கு டீயவே எங்களுக்கு குடுத்தாங்க.

டீ குடிச்சிட்டே பெரியவருகிட்ட பாப்பா நேரடியா கேட்டுட்டா, "இந்தக் கடல்ல ஏன் அலையே இல்ல?" அவருக்கு கொஞ்சம் கோவம் வந்த மாதிரி இருந்துச்சு. "யாரு சொன்னா இல்லன்னு? ஐப்பசி கார்த்திகைல வாடைக்காத்து அடிக்கிறப்ப வா பாப்பா, இந்தா நிக்கிற எடத்துக்கு அலை வரும். இப்ப வாடை போயிருச்சு, இனிமே கெழக்கேர்ந்து கொண்டல், அப்புறம் தெக்கேர்ந்து சோழகம். சோழகத்துல கெடக்கும் பாரு, தட்டுல ஊத்துன தண்ணி மாதிரி." கடலுக்குள்ள தூரத்துல ஒருத்தர் நடந்து போய்க்கிட்டிருந்தாரு, ஒரு அரை கிலோமீட்டர் இருக்கும், இடுப்பளவு தண்ணிதான். பாக்கவே பயமா இருந்துச்சு, நடந்தே நாட்டை விட்டு போறவரு மாதிரி.

இந்த ஆழமில்லாத தண்ணிக்குள்ள கடல் புல்லு வயக்காடு மாதிரி வெளஞ்சு கெடக்காம், அதைத் திங்கத்தான் ஆவுளியா வரும்னாரு. ஆவுளியான்னா கடல் பசு. இந்த தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலைத்தான் 2022ல கடல் பசு காப்பகமா அரசு அறிவிச்சாங்க, 448 சதுர கிலோமீட்டர், இந்தியாலயே மொத. "முன்னயெல்லாம் வலைல மாட்டுனா கறியாக்கிருவாங்க தம்பி, பொய் சொல்லக் கூடாது, நானே தின்னுருக்கேன். இப்ப மாட்டுனா வலைய அறுத்து விட்டுர்றோம், ஃபாரஸ்ட்டுகாரங்க சால்வை போட்டு காசும் குடுக்குறாங்க. அது மூச்சு விட மேல வரும் பாருங்க, மனுசன் பெருமூச்சு விட்ட மாதிரியே சத்தம் கேக்கும்." பாப்பா அரை மணி நேரம் கடலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. ஒண்ணும் வரல.

மணமேல்குடி தாண்டுனா கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், ரெண்டும் விசைப்படகு துறைமுகம். இந்தப் பக்கம் விசைப்படகு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகு மிச்ச நாள்னு முறை வச்சிருக்காங்க. நாங்க போனது லாஞ்சு போகாத நாளு, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கட்டிக் கெடந்துச்சு. படகைத் தாண்டித்தான் தண்ணியப் பாக்கணும், அப்படியும் எனக்கு பத்து ரூபா போச்சு. ஐஸ் ஃபேக்டரி சத்தம், டீசல் வாடை, வலை பொத்துறவங்க. ஒரு சுவர்ல போஸ்டர், இலங்கைக் கடற்படை புடிச்சிட்டு போனவங்களை மீட்கச் சொல்லி, வரிசையா போட்டோ, எல்லாம் இருபது முப்பது வயசு மூஞ்சி. எதுத்தாப்புல தெரியாத தூரத்துலதான் இலங்கை, நடுவுல ஒரு கோடு, ராத்திரில அந்தக் கோடு யாருக்குத் தெரியும்ங்கிறது ஒரு பக்கம், நம்ம இழுவை மடி வலை அவங்க பக்கத்து மீனையும் வாரிட்டு வந்துருதுன்னு அங்க இருக்குற தமிழ் மீனவங்களே சொல்லுறது இன்னொரு பக்கம். ரெண்டும் நெஜம். நான் அந்த போஸ்டரை போட்டோ எடுக்கல.

தொண்டிக்கு முன்னாடி ஒரு கரைல நண்டு வலை பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. பொம்பளைங்க அஞ்சாறு பேரு வட்டமா உக்காந்து, நடுவுல நைலான் வலை மலை மாதிரி. நீலக்கால் நண்டு, ஆணு நல்ல நீலம், பொட்டை பழுப்பு. நண்டை பின்னாடிலேர்ந்து புடிச்சு, ஒரு கால் ஒரு காலா வலைலேர்ந்து உருவுறாங்க, ஸ்வெட்டர் கழட்டுற மாதிரி. ஒரு அக்கா பேசிக்கிட்டே, கைய பாக்காமலே பண்றாங்க, வெரல் பூரா வெட்டுக்காயத் தழும்பு. வயித்துல ஆரஞ்சு கலர்ல சினை ஒட்டியிருந்த நண்டு ஒண்ணு வந்துச்சு, அதை மட்டும் தனியா தண்ணி வாளில போட்டாங்க, திரும்ப கடல்ல விட்டுருவாங்களாம். வலைல ஒரு கடல் அட்டை வந்துச்சு, கருப்பா வழவழன்னு. பாப்பா தொடலாமான்னு கேக்குறதுக்குள்ள வீசிட்டாங்க. "அதை வச்சிருந்தா ஜெயிலு கண்ணு." ஆமா, 2001லேர்ந்தே தடை. ரெண்டு கிலோ நண்டு வாங்கி, பக்கத்து ஓட்டல்ல குடுத்து மொளகு போட்டு வறுத்துக் குடுக்கச் சொன்னோம். வீட்டுக்காரம்மா மூணு நாள்ல மொத தடவையா "இதுக்காக இன்னொரு தடவை சேத்துல மாட்டலாம்"னாங்க.

தொண்டி தாண்டி உப்பூர்ல வெயிலுகந்த விநாயகர். கருவறைக்கு மேல கூரை கெடையாது, பிள்ளையார் வெயில்லயே உக்காந்திருக்காரு, அதான் பேரே. ராமர் சேது கட்டப் போறதுக்கு முன்னாடி இங்க வந்து கும்பிட்டாருன்னு ஐதீகம். அப்பா பிள்ளையாரை ரொம்ப நேரம் பாத்துட்டு "நம்ம மொட்டை மாடில இருக்குற தண்ணி டேங்க் மாதிரி, பாவம்"னாரு. அவரு பக்தி அந்த மாதிரி.

தேவிபட்டினம் போய்ச் சேர சாயங்காலம் நாலரை. கடலுக்குள்ள ஒம்போது கல்லு, நவபாஷாணம், ராமர் நட்டு வச்சதா சொல்லுவாங்க. கரைலேர்ந்து நடைபாதைல போயி தண்ணிக்குள்ள எறங்கி சுத்தி வரலாம். இந்த மாதிரி ஒரு கோயில் இந்தக் கடல்லதான் முடியும். யோசிச்சு பாருங்க, மெரினால கடலுக்குள்ள ஒம்போது கல்லை நட்டா ஒரு வாரம் நிக்குமா? நவதானியப் பொட்டலமும் நனைஞ்ச துணியும் மெதக்குறதை மட்டும் யாராவது தெனம் எடுத்தா நல்லாருக்கும். அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எறங்குனாரு, முழங்காலுக்கு கொஞ்சம் மேல தண்ணி, பாப்பா அவரு கையப் புடிச்சிக்கிட்டு ஒம்போது சுத்து. கோடியக்கரைல குளிக்கத் தோணலன்னு சொன்ன மனுசன் இங்க மூணு முங்கு போட்டுட்டு வந்து நின்னாரு.

வண்டில ஏறுனதும் கணக்கு. மூணு நாள்ல ஓடுற வண்டிலேர்ந்து கடல் தெரிஞ்சது ஏழே தடவை, அதுல ரெண்டு பாலத்து மேல, முகத்துவாரம் பக்கம் வெள்ளிக் கம்பி மாதிரி கொஞ்சூண்டு. எழுபது, உப்பளம் அஞ்சு, ஆக 75 ரூபா. பாப்பா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு, "இது ஏமாத்து வேலை, இந்த ரோட்டுல கடலே இல்ல"ன்னா. நான் ஜெயிச்ச சந்தோஷத்துல நூறு ரூபாயா எடுத்து குடுத்தேன்.

அப்பா ஈரத் துண்டைப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னாரு, "கண்ணு, இங்கேர்ந்து ஒன்ற மணி நேரத்துல பாம்பன் பாலம் இருக்கு, ரெண்டு கிலோமீட்டருக்கு மேல, ரெண்டு பக்கமும் கடல்தான்."

"ரெண்டு பக்கம்னா இருபது ரூபாயா தாத்தா? இல்ல நிமிஷத்துக்கு இருபதா?"

நான் வண்டிய மதுரை ரோட்டுக்கு திருப்பிட்டேன்.